பீட்டர் லோரி: குற்றத்தைச் சுமந்த முகம்

1935ஆம் ஆண்டில் ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைக் கறுப்பு வெள்ளைத் திரைப்படமாக வெளியிட்டது. இயக்கியவர் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க். ரஸ்கோல்னிகோவாக நடித்தவர் பீட்டர் லோரி. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. தாய்நாட்டையும், தொழில் கற்ற நகரத்தையும், தம் மொழியின் மேடையையும் இழந்து அமெரிக்கா வந்து சேர்ந்து ஓராண்டே கடந்திருந்தது. படம் பெரும் வெற்றி பெறவில்லை. இயக்குநரே பின்னாளில் அதைத் தம் சிறந்த படைப்புகளில் ஒன்றாகக் கருதவில்லை. ஆயினும் லோரியின் வாழ்க்கையை முழுமையாகப் பார்க்க விரும்பும் ஒருவர் அந்தப் படத்தைத் தவிர்த்துவிட இயலாது. செய்த குற்றத்தை மனிதன் யாரிடம் போய்ச் சொல்வது, அதைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியையே அவர் தம் கலைவாழ்வின் தொடக்கத்திலும் நடுவிலும் பிற்பகுதியிலும் மூன்று படங்களில் நடித்துக் காட்டினார். அம்மூன்றில் நடுவில் நிற்பது இந்த ருஷ்ய நாவலின் திரைவடிவம்.

லோரியின் இயற்பெயர் லாஸ்லோ லோவென்ஸ்டைன். 1904 ஜூன் 26ஆம் நாள் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த ரோஸாஹெகி என்னும் சிற்றூரில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று ஸ்லோவாக்கியாவில் ரூஷொம்பெரொக் என்ற பெயரோடு இருக்கிறது. நான்கு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். குடும்பம் இடம்விட்டு இடம் பெயர்ந்து, 1913இல் வியன்னாவில் குடியேறியது. பிறந்த ஊர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கைமாறியதும், வளர்ந்த நகரம் ஒரு பேரரசின் தலைநகராக இருந்து ஒரு சிறு குடியரசின் தலைநகராகச் சுருங்கியதும் அவர் பதினைந்து வயதை எட்டுவதற்குள் நிகழ்ந்தவை.

தந்தை தம் மகன் வங்கியில் வேலை பார்ப்பதையே விரும்பினார். லோரியும் சிறிது காலம் வங்கி எழுத்தராக இருந்தார். ஆனால் மனம் நாடகத்தில் இருந்தது. வியன்னாவில் மருத்துவர் ஜேக்கப் மொரேனோ, எழுதிவைத்த பிரதி இல்லாமல் அந்தந்தக் கணத்தில் நடிகர்களே உரையாடலையும் செயலையும் உருவாக்கும் ஓர் அரங்கை நடத்தி வந்தார். நாடகத்தை மனநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் முறை பிற்காலத்தில் அவரிடமிருந்தே பிறந்தது. அந்த அரங்கில் லோரி நடித்தார். பீட்டர் லோரி என்ற பெயரும் அங்கேதான் கிடைத்தது என்பர். மனத்துக்குள் இருப்பதைப் பிறர் முன்னிலையில் வெளியே கொட்டுவதே அந்த அரங்கின் அடிப்படை. பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்த நடிப்பின் விதை அங்கே விழுந்தது என்று கொள்வதில் தவறில்லை.

பின்னர் ப்ரெஸ்லவ், ஜூரிச், மீண்டும் வியன்னா என்று சிறு வேடங்களோடு அலைந்தார். இருபதுகளின் நடுப்பகுதியில் அவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலியைத் தணிக்க மருத்துவர்கள் கொடுத்த மார்ஃபின், வலி நீங்கிய பின்னும் அவரை விட்டு நீங்கவில்லை. வாழ்நாளில் பலமுறை சிகிச்சை பெற்று மீண்டார். பலமுறை மீண்டும் அதில் விழுந்தார். தம் விருப்பத்துக்கு மாறான ஒன்று தம்மை உள்ளிருந்து ஓட்டுகிறது என்பதை அவர் வேடங்களில் மட்டுமே அறிந்தவர் அல்லர்.

பெர்லினில்

1929இல் பெர்லின் அவரைக் கண்டுகொண்டது. மரீலூயீஸ் ஃப்ளைசரின் ‘இங்கோல்ஷ்டாட்டில் பட்டாளத்தார்’ நாடகத்தில் அவர் நடித்தபோது, அதன் தயாரிப்பில் முக்கியப் பங்கு கொண்டிருந்தவர் பெர்டோல்ட் பிரெக்ட். குட்டையான உருவம், உருண்டை முகம், வெளியே தள்ளிய பெரிய கண்கள், மெல்லிய குரல். கதாநாயகனுக்குரிய இலக்கணம் எதிலும் அடங்காத இந்த இளைஞனிடம் பிரெக்ட் தமக்கு வேண்டிய நடிகனைக் கண்டார். 1931 பிப்ரவரியில் அரசு நாடக அரங்கில் பிரெக்ட் தாமே இயக்கிய ‘மனிதன் மனிதனே’ நாடகத்தில் லோரி முதன்மை வேடம் ஏற்றார். மீன் வாங்கப் புறப்பட்ட ஓர் எளிய சுமைகூலி, வழியில் படைவீரர்களிடம் சிக்கி, தன் பெயரையும் தன்னையும் இழந்து போர்க்கருவியாக மாற்றப்படும் கதை அது. அச்சத்தைக் காட்டவேண்டிய இடத்தில் லோரி முகபாவங்களால் அதைக் காட்டாமல், முகத்தில் வெண்சுண்ணம் பூசிக்கொண்டு அவையோரைப் பார்த்துத் திரும்பினார். துண்டு துண்டாகப் பேசும் அவருடைய பாணியை விமரிசகர்கள் குறை கூறியபோது, பிரெக்ட் செய்தித்தாளுக்கு எழுதி அந்த நடிப்பை ஆதரித்து வாதிட்டார்.

அதே மாதங்களில்தான் ஃப்ரிட்ஸ் லாங் தம் முதல் பேசும் படமான ‘எம்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனை ஒரு நகரமே தேடும் கதை. போலீஸாரின் கெடுபிடியால் தங்கள் பிழைப்பு கெடுவதைப் பொறுக்காத திருடர்களும் பிச்சைக்காரர்களும் அவனை முந்திக்கொண்டு பிடிக்கிறார்கள். மூடிக்கிடக்கும் ஒரு சாராய ஆலையில் அவனை நிறுத்தி விசாரிக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதியில் அக்கொலைகாரன் ஒரு நிழலாகவும் ஒரு சீட்டியொலியாகவுமே இருக்கிறான். கிரீக் என்னும் நார்வே இசையமைப்பாளரின் மெட்டு அது. லோரிக்குச் சீட்டியடிக்க வராததால் லாங் தாமே சீட்டியடித்தார். இறுதியில் அந்தப் போலி நீதிமன்றத்தின் முன் மண்டியிட்டு அவன் பேசும் சில நிமிடங்கள் உலகத் திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டன. நீங்கள் விரும்பிக் குற்றம் செய்கிறீர்கள், எனக்கோ செய்யாமல் இருக்க முடியவில்லை என்பதே அவனது வாதத்தின் சாரம். அவனை வெறுத்துக்கொண்டே படம் பார்த்தவர்கள் அந்தச் சில நிமிடங்களில் அவன் சொல்வதைக் கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். மன்னித்துவிடுகிறார்கள் என்று சொல்ல இயலாது, ஆனால் கேட்கிறார்கள். இருபத்தாறு வயது இளைஞரின் சாதனை அது.

1931 மே மாதம் பெர்லினில் வெளியான அப்படம் லோரியை ஒரே இரவில் உலகறியச் செய்தது. தெருவில் அவரைக் கண்டவர்கள் அந்தக் கொலைகாரனையே கண்டார்கள். வேடத்தையும் நடிகரையும் ஒன்றாக்கிப் பார்க்கும் இந்த மயக்கத்தை நாஜிகள் மிகக் கொடிய முறையில் பயன்படுத்தினர். 1940இல் அவர்கள் எடுத்த ‘நித்திய யூதன்’ என்ற பிரசாரப் படத்தில், ‘எம்’ படத்தின் அந்த இறுதிப் பேச்சைத் துண்டித்து எடுத்துச் சேர்த்தார்கள். ஒரு கற்பனைப் பாத்திரத்தின் வாக்குமூலம் ஓர் இனத்தின் மீதான குற்றப்பத்திரிகையாக ஆக்கப்பட்டது. அதற்குள் லோரி பெர்லினை விட்டு நீங்கி ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

அகதியின் ஆங்கிலம்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வியன்னா வழியாகப் பாரிஸை அடைந்தார் லோரி. அங்கே மலிவான விடுதியில் மற்ற அகதிக் கலைஞர்களோடு வறுமையில் காலம் கழித்தார். 1934இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தம் ‘அளவுக்கு மீறி அறிந்தவன்’ படத்துக்காக அவரை லண்டனுக்கு வரவழைத்தார். அப்போது லோரிக்கு ஆங்கிலம் மிகச் சொற்பமாகவே தெரியும். வசனங்களின் ஒலியை மனப்பாடம் செய்து பேசி நடித்தார். பொருள் முழுதும் விளங்காத சொற்களை ஒலி பிசகாமல் உச்சரித்து, கேட்பவரை அச்சுறுத்தும் வில்லனாகத் தோன்றினார். மொழியே தன் கருவி என்று வாழும் எவருக்கும் இச்செய்தி சாதாரணமாகப் படாது. அந்த ஆண்டே, வியன்னா நடிகை செலியா லவ்ஸ்கியை லண்டனில் மணந்துகொண்டு, கோடையில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

ஹாலிவுட்டில் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. ஆனால் அவருக்கு ஏற்ற கதை அதனிடம் இல்லை. லோரி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை முன்மொழிந்தார். நிறுவனத் தலைவர் ஹாரி கோன் கதையின் எளிய சுருக்கம் ஒன்றைப் படித்துவிட்டே ஒப்புதல் தந்தார் என்றும், எம்.ஜி.எம். நிறுவனத்தின் திகில் படமான ‘பித்துக் காத’லில் நடிக்க லோரியை இரவல் கொடுத்தபோது இந்நாவலைப் படமாக்குவதே அவர் இட்ட நிபந்தனை என்றும் சொல்லப்படுவதுண்டு. எவ்வாறாயினும், ரஸ்கோல்னிகோவின் வேடத்தை அவர் தாமே நாடிச் சென்றார் என்பதில் ஐயமில்லை. திகில் படங்களின் பூச்சாண்டியாகத் தம்மை நிறுத்திவிட ஒரு தொழில் காத்துக்கொண்டிருப்பதை அவர் உணர்ந்திருந்தார். கொலை செய்தவனாக இருந்தாலும் சிந்திக்கும் மனிதனாக ஒருவனை நடித்துக் காட்ட அவர் விரும்பினார்.

ரஸ்கோல்னிகோவ்

நாவல் 1866இல் ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ இதழில் தொடராக வெளிவந்தது. வறுமையில் உழலும் மாணவன் ஒருவன், அசாதாரண மனிதருக்குச் சாதாரணச் சட்டம் இல்லை என்ற கொள்கையால் உந்தப்பட்டு, அடகுபிடிக்கும் கிழவியைக் கோடாரியால் கொல்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவளுடைய தங்கையையும் கொல்கிறான். கொலை நாவலின் முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஐந்து பாகங்களும் அவன் அதைச் சொல்லாமலிருக்கவும் சொல்லவும் படும் பாடுதான். அவனைச் சுற்றி இருவர் காத்திருக்கிறார்கள். புலனாய்வாளர் போர்ஃபிரி, இவன் தானாக வந்து சொல்வான் என்று அறிந்து காத்திருப்பவர். சோனியா, குடும்பத்துக்காக உடலை விற்க நேர்ந்த பெண். அவன் சொல்வதை முதலில் கேட்பவள் அவளே. தண்டனை என்பது சைபீரியாவில் தொடங்குவதன்று. சொல்ல ஆளில்லாத நாள்களில் அது தொடங்கிவிடுகிறது என்பதை நாவல் பக்கம் பக்கமாக உணர்த்துகிறது.

அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலை ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படமாக்கினார் ஸ்டெர்ன்பெர்க். அவரும் 1894இல் வியன்னாவின் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் ‘நீல தேவதை’ எடுத்து மார்லின் டீட்ரிச்சை உலகுக்குக் காட்டியவர். பாரமவுன்ட் நிறுவனத்தில் அவரை வைத்து மேலும் ஆறு படங்கள் எடுத்துவிட்டு, அங்கிருந்து விலகிக் கொலம்பியாவுக்கு வந்திருந்தார். முந்தைய படங்களில் இருந்த பெருஞ்செலவும் ஆடம்பர அரங்கங்களும் இங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. கதை எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நடக்கலாம் என்று படம் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. பெயர்கள் ருஷ்யப் பெயர்களாகவே இருக்க, மாந்தர் முப்பதுகளின் உடையில் உலவுகிறார்கள். ரஸ்கோல்னிகோவ் குற்றவியலில் தேர்ந்த பட்டதாரியாக அறிமுகமாகிறான். 1934இல் இறுக்கப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதிகளால் சோனியாவின் தொழில் பூடகமாகவே சுட்டப்படுகிறது. சைபீரியா இல்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தோடு படம் நின்றுவிடுகிறது. அதே ஆண்டில் பிரான்சில் பியேர் ஷெனால் இயக்கிய இன்னொரு ‘குற்றமும் தண்டனையும்’ வெளிவந்தது. நாவலின் காலத்துக்கும் களத்துக்கும் நெருக்கமானது அதுவே என்று பலர் கருதினர்.

இத்தனை குறைகளுக்கு இடையிலும் படத்தில் உயிரோடு இருக்கும் ஒன்று உண்டு. எட்வர்ட் ஆர்னால்டின் போர்ஃபிரியும் லோரியின் ரஸ்கோல்னிகோவும் எதிரெதிரே அமரும் காட்சிகள் அவை. ஒருவர் பருத்த உடலும் உரத்த சிரிப்புமாய் நிதானமாக வட்டமிடுகிறார். மற்றவர் ஆணவத்துக்கும் நடுக்கத்துக்கும் இடையே கணத்துக்குக் கணம் ஊசலாடுகிறார். ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்டின் துணையோடு ஸ்டெர்ன்பெர்க் அந்த உருண்டை முகத்தின் மீது வெளிச்சத்தைச் சிக்கனமாகவே விழவிடுகிறார். சன்னல், படிக்கட்டு, கதவு ஆகியவற்றின் நிழல்கள் மனிதனை விடப் பெரிதாகின்றன. ஸ்டெர்ன்பெர்க் நிழலை அலங்காரமாகப் பயன்படுத்தியவர் என்று சொல்வார்கள். இப்படத்தில் அது குற்றவுணர்வுக்கு உடலாகிறது. லோரி தம் குரலைத் தாழ்த்திப் பேசும் இடங்களில், கேட்பவர் யாராவது கிடைக்கமாட்டாரா என்ற ஏக்கமும், கேட்டுவிடுவாரோ என்ற அச்சமும் ஒரே மூச்சில் வெளிப்படுகின்றன. தஸ்தயெவ்ஸ்கியின் மனிதன் அந்த இடங்களில் முழுமையாகத் திரைக்கு வந்துவிடுகிறான்.

‘ஃபிலிம் நுவார்’ என்ற பெயர் அன்று வழக்கில் இல்லை. போர்க்காலத்தில் பிரான்சுக்குச் செல்லாதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946இல் பாரிஸில் ஒன்றாகத் திரையிடப்பட்டபோது, அவற்றின் இருண்ட மனநிலையைக் கண்ட நினோ ஃபிராங்க் போன்ற பிரெஞ்சு விமரிசகர்கள் இட்ட பெயர் அது. குற்றம் செய்தவனின் மனத்துக்குள்ளிருந்து கதையைச் சொல்வதும், நிழலால் மனத்தைக் காட்டுவதும், நகரத்தையே சிறையாக்குவதும் அவ்வகைப் படங்களின் இயல்புகள். ஜெர்மானிய வெளிப்பாட்டுவாதத்திலிருந்து அகதிகளின் கைவழியே அமெரிக்கா சென்றவை அவை. அந்த நோக்கில், பத்தாண்டு முந்திய ஸ்டெர்ன்பெர்க்கின் இப்படம் அவ்வகைக்கு ஒரு முன்னோடி. முறையான முதல் நுவார் என்று பலரால் குறிக்கப்படும் ‘மூன்றாம் தளத்து அந்நியன்’ 1940இல் வந்தபோது, அதிலும் அந்த அந்நியனாக வருபவர் லோரியே. தன் சாட்சியத்தால் ஒரு நிரபராதி மரண தண்டனை பெறுவதைக் காணும் பத்திரிகையாளனின் குற்றவுணர்வே அப்படத்தின் கரு. வெண்ணிறக் கழுத்துத்துணியோடு இருட்டில் அலையும் லோரி, தெருநாய்க்கு இறைச்சி வாங்கிப் போடும் கொலைகாரனாகச் சில நிமிடங்களே தோன்றுகிறார். லாரியில் அடிபட்டுச் சாகும் தறுவாயில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ரஸ்கோல்னிகோவின் நிழல் அங்கும் விழுந்திருக்கிறது.

முகமூடி

ஆனால் ரஸ்கோல்னிகோவ் திறந்துவிடுவான் என்று லோரி நம்பிய கதவு திறக்கவில்லை. 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் அவர் மிஸ்டர் மோட்டோ என்னும் ஜப்பானியத் துப்பறிவாளராக நடித்தார். ஹங்கேரியில் பிறந்த யூதர், கண்ணாடி அணிந்து, ஜப்பானியராகப் புன்னகை செய்து, வாரச் சம்பளம் பெற்றார். 1941இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜான் ஹூஸ்டனின் ‘மால்டாப் பருந்து’ம், 1942இல் ‘காஸபிளாங்கா’வும் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தன. பின்னதில் அவர் ஏற்றது, அகதிகளுக்குப் பயண அனுமதி விற்றுப் பிழைக்கும் உகார்ட்டே என்ற சிறு வேடம். அப்படத்தில் நடித்தவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களே. காப்பாற்றும்படி இரந்துகொண்டே இழுத்துச் செல்லப்படும் அந்தச் சில கணங்களில், படத்தின் காதல் கதையினூடே அக்காலத்தின் மெய்யான அச்சம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது.

அவருடைய குரலையும் கண்களையும் மேடை நகைச்சுவையாளர்களும் வானொலிக் கலைஞர்களும் போலச்செய்தார்கள். 1946இல் முயல் ஒன்று நாயகனாக வரும் கேலிச்சித்திரப் படமொன்றில் பித்தேறிய விஞ்ஞானியாக அவருடைய முகமே வரையப்பட்டது. பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளுக்கு அந்த முகத்தின் பின்னால் ஒரு மனிதர் இருப்பதுகூடத் தெரியாது. லோரியும் தம் நடிப்பை முகம்காட்டும் தொழில் என்று கசப்போடு குறிப்பிடுவார் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். புகழ் ஒரு கலைஞனின் முதல் வெற்றியை அச்சாக வார்த்து வைத்துக்கொண்டு, அதில் அவனையே மீண்டும் மீண்டும் ஊற்றும் விந்தைக்கு அவர் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு.

இந்தத் தேய்மானத்தைக் கூர்ந்து பார்த்த நண்பர் ஒருவர் இருந்தார். 1941இல் அமெரிக்கா வந்து சாண்டா மோனிகாவில் தங்கிய பிரெக்ட், லோரியை மனத்தில் வைத்துத் திரைக்கதைகள் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஷ்வேய்க்கைக் கொண்டுவந்து நிறுத்தும் நாடகத்தை 1943இல் எழுதியபோதும் அந்த வேடத்துக்கு அவர் எண்ணியது லோரியைத்தான். அவற்றில் எதுவும் ஹாலிவுட்டில் நிறைவேறவில்லை. நண்பன் ஒருவன் சதுப்பில் மெல்ல மூழ்குவதைக் கண்டு நிற்கும் துயரத்தை அந்நாள்களில் பிரெக்ட் ஒரு கவிதையாக எழுதினார். அந்த நண்பன் லோரியே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 1947 அக்டோபரில் அமெரிக்க விசாரணைக் குழுவின் முன் நின்றுவிட்டு மறுநாளே ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட பிரெக்ட், 1949இல் கிழக்கு பெர்லினில் தம் நாடகக் குழுவை நிறுவினார். நாடுகடந்து வாழும் நடிகர் பி.எல். என்று முதலெழுத்துகளை மட்டும் தலைப்பில் வைத்து, அவரைத் திரும்பி வரும்படி அழைக்கும் இன்னொரு கவிதையும் எழுதினார். கடிதமாகச் சென்றிருக்க வேண்டிய அழைப்பு கவிதையாகச் சென்றது. லோரி அங்குப் போகவில்லை.

தொலைந்தவன்

அவர் ஜெர்மனிக்குத் திரும்பவே செய்தார். ஆனால் பெர்லினுக்கு அன்று, ஹாம்பர்க்குக்கு. 1949இல் கடன் சுமையால் திவாலாகியிருந்தார். முதல் மணம் முறிந்து, நடிகை காரென் வெர்னுடன் செய்துகொண்ட இரண்டாவது மணமும் முறியும் நிலையில் இருந்தது. இந்நிலையில் தாமே எழுத்தில் பங்கேற்று, தாமே இயக்கி, தாமே நடித்து ஒரு படம் எடுத்தார். ‘தொலைந்தவன்’ என்ற அப்படம் 1951இல் வெளிவந்தது. அவர் இயக்கிய ஒரே திரைப்படம் அதுதான். படம் முடிவதற்குள் தயாரிப்பாளர் ஆர்னால்ட் பிரஸ்பர்கர் காலமானார்.

கதை போர்க்கால ஹாம்பர்க்கில் நிகழ்கிறது. ஆராய்ச்சி மருத்துவர் கார்ல் ரோத்தே, தம் ஆய்வு இரகசியங்களைத் தாம் மணக்கவிருந்த பெண்ணே எதிரிக்குக் கடத்தினாள் என்று அறிந்து அவளைக் கொன்றுவிடுகிறார். தண்டனைக்கு அவர் ஆயத்தமாகவே இருக்கிறார். அரசாங்கமோ அவருடைய ஆராய்ச்சி தேவை என்பதற்காக அக்கொலையை மூடி மறைத்துவிடுகிறது. அவர் குற்றவாளி என்று சொல்ல ஒருவரும் இல்லை. தண்டனை கிடைக்காத குற்றம் அவருள் வளர்ந்து மீண்டும் கொலையாக வெடிக்கிறது. போர் முடிந்தபின் அகதிகள் முகாமொன்றில் வேறு பெயரில் மருத்துவராகப் பணியாற்றுகிறார். அன்று தம்மைக் காப்பாற்றியவர்களில் ஒருவன் அங்கு வந்து சேர, ஓர் இரவு முழுதும் அவனோடு அமர்ந்து பழங்கதையைப் பேசுகிறார். விடியலில் அவனைச் சுட்டுவிட்டு, ரயில் பாதையில் நடந்து சென்று தம் தண்டனையைத் தாமே தேடிக்கொள்கிறார்.

‘எம்’ படத்தில் கொலைகாரன் பேசியபோது ஒரு கூட்டம் எதிரே இருந்தது. பகைமையோடாவது அது கேட்டது. ‘குற்றமும் தண்டனையும்’ படத்தில் போர்ஃபிரியும் சோனியாவும் கேட்கக் காத்திருந்தார்கள். ‘தொலைந்தவன்’ படத்தில் கேட்க யாரும் இல்லை. போர்ஃபிரியின் நாற்காலியில் இருந்த அரசு, நீ சொல்லத் தேவையில்லை, வேலையைப் பார் என்று சொல்லிவிடுகிறது. தஸ்தயெவ்ஸ்கியின் நூற்றாண்டில் மனிதன் சட்டத்தை மீறித் தன்னைச் சோதித்துப் பார்த்தான். லோரி கண்ட நூற்றாண்டில் சட்டமே கொலையின் பக்கம் போய் நின்றது. அவ்வாறான ஒரு நாட்டில் ரஸ்கோல்னிகோவ் எங்கே போய் மண்டியிடுவான் என்று லோரி தம் படத்தின் மூலம் கேட்டார். தம்மை விரட்டிய நாட்டின் மக்களைச் சுட்டிக் குற்றஞ்சாட்டும் உரிமை அவருக்கு இருந்தது. அவரோ அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல், குற்றவாளியின் இடத்தில் தாமே போய் அமர்ந்துகொண்டார். படத்தின் ஆழம் அங்குதான் இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்க 1951இன் மேற்கு ஜெர்மனி ஆயத்தமாக இல்லை. பசுமையான மலைகளையும் காடுகளையும் காட்டி இனிய காதல் கதைகள் சொல்லும் வண்ணப் படங்களுக்கே திரையரங்குகளில் கூட்டம் சேர்ந்தது. ‘தொலைந்தவன்’ சில நாள்களிலேயே திரையரங்குகளை விட்டு அகன்றது. குற்றத்தைக் கேட்க ஆளில்லை என்று சொன்ன படத்துக்கும் ஆளில்லாமல் போயிற்று.

லோரி அமெரிக்காவுக்குத் திரும்பினார். உடல் பருத்து நோயுற்றது. 1953இல் மூன்றாவது மணம் செய்துகொண்டார். அவ்வாண்டே மகள் பிறந்தாள். 1954இல் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் பாண்ட் கதை முதன்முதலாக நடிக்கப்பட்டபோது அதன் வில்லன் அவரே. 1957இல் ‘பட்டுக் காலுறைகள்’ என்ற இசைப்படத்தில் பாரிஸைக் கண்டு மயங்கும் சோவியத் அதிகாரியாக வந்து சிரிக்க வைத்தார். எட்கர் ஆலன் போவின் கதைகளையும் கவிதையையும் தழுவி ரோஜர் கோர்மன் எடுத்த படங்களில் வின்சென்ட் பிரைஸோடு சேர்ந்து திகிலையே கேலி செய்தார். தம் மீது சுமத்தப்பட்ட பூச்சாண்டி வேடத்தை இறுதியில் தாமே பகடியாக்கி விட்டார் என்பது ஒருவகை விடுதலை. 1964 மார்ச் 23ஆம் நாள் பக்கவாதத்தால் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். வயது ஐம்பத்தொன்பது. இறுதிச் சடங்கில் இரங்கலுரை படித்தவர் வின்சென்ட் பிரைஸ்.

ஒரு தலைமுறை கடந்தபின் ‘தொலைந்தவன்’ மீண்டும் திரையிடப்பட்டது. போருக்குப் பிந்திய ஜெர்மனியில் குற்றத்தை நேர்நின்று பார்த்த மிகச் சில படங்களில் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது. 2005இல் வெளிவந்த அவருடைய விரிவான ஆங்கில வாழ்க்கை வரலாறும் அப்படத்தின் பெயரையே தன் தலைப்பாகக் கொண்டது. ஸ்டெர்ன்பெர்க்கின் படத்தையும் இப்போது மறுபடி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாவலை முழுவதும் காட்டிவிட்டதாக அவர்கள் யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. தம் மொழியை இழந்து வந்த ஓர் அகதி, புதிதாய்க் கற்ற மொழியில், சொல்லத் தவிக்கும் ஒரு மனிதனாக ஆர்னால்டின் எதிரே அமர்ந்திருப்பதைப் பார்க்கவே அவர்கள் அதற்குத் திரும்பி வருகிறார்கள்.